ஆள் எத்தனை?

மர்பி டவுனில் ஏ.சி., ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிற ஜெயராஜுக்குப் பொய் சொல்லவே வராது, ஒரே ஒரு பொய்யைத் தவிர. அந்த ஒன்றைத்தான் மனிதர் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைப் பலகையில் 'ராஜமாணிக்கம் பிரதர்ஸ்' என்று இருக்கும். ராஜமாணிக்கம் அண்ணன். கொரோனா இரண்டாம் அலையில் ஆஸ்பத்திரிக்குள் போனவர் திரும்பி வரவில்லை. முகத்தைக்கூடக் காட்டாமல் மூட்டையாகக் கட்டிச் சுடுகாட்டுக்கு எடுத்துப்போய்விட்டார்கள். கல்யாணம் காட்சி எதையும் பார்க்காத இரண்டு பேர். ஒரே அறை, ஒரே அடுப்பு. துக்கம் விசாரிக்க ஒரு ஈ காக்கை வரவில்லை. தெருக்காரர்களைக் குறை சொல்லி என்ன, அவரவர் வீட்டிலேயே சாவு.

ஊரடங்கு தளர்ந்ததும் பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் போனில், "பெரியவர் இல்லையா?" என்றார். "வேலைக்குப் போயிருக்காரு சார்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்னதும் நெஞ்சுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது. அவ்வளவுதான், அதையே பிடித்துக்கொண்டார்.

இந்த வருஷம் காக்ஸ் டவுனில் ஒரு பெரிய அபார்ட்மெண்ட் வேலை கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. அங்கே குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் காந்தா கறாரான பெண்மணி.

"லைசென்ஸ் வேணும், இன்சூரன்ஸ் வேணும். வெளியில தொங்கற ஏ.சி. யூனிட்டைத் தனி ஆள் தொடக்கூடாது. ரெண்டு பேர் இருக்கீங்களா?"

"ரெண்டு பேர்தான் மேடம்." பழகிப்போன நாக்கு, என்ன செய்யும்?

வேறு ஆள் போட்டுக்கொள்ளக் கூடாதா என்பீர்கள். போடலாம்தான். அண்ணன் பிடித்த ஏணியை இன்னொருத்தன் பிடிப்பதா என்று மனசு முரண்டு பிடித்ததே!

லைசென்ஸ் கையில் இருந்தது. இன்சூரன்ஸ் எடுக்க அல்சூரில் இருக்கிற ஆபீசுக்குப் போய், இரண்டு பேர் இருந்தால்தான் அபார்ட்மெண்ட் வேலை கிடைக்கும் என்று விவரம் சொன்னார். அங்கே மேசையில் இருந்த கன்னடக்காரப் பெண் சுனிதா பொறுமையாக விளக்கினார்.

"வேலை செய்யறவங்க எல்லார் பேரும் பாலிசியில இருக்கணும், ஜெயராஜ் அவ்ரே. பேர் இல்லாதவர் விழுந்தா ஒண்ணும் கிடைக்காது. ஆள் எத்தனை?"

"ரெண்டு."

"இன்னொருத்தர் வயசு?"

"ஐம்பத்தெட்டு." டக்கென்று வந்தது பதில். செத்தவருக்கு வருஷா வருஷம் வயசு ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறார், பாருங்கள்!

"அவரை வரச் சொல்லுங்க, கையெழுத்து போடணும்."

"வேலைக்குப் போயிருக்காரு."

"பரவாயில்ல, சாயங்காலம் வரட்டும். நான் இருப்பேன்."

பாவம், அந்தப் பெண் நல்ல மனசோடுதான் சொன்னார். வேறு யாரையாவது அண்ணன் என்று கூட்டிவந்து நிறுத்திவிடலாமா என்று ஜெயராஜுக்கு ஒரு கணம் தோன்றியது. சீ! தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"ஒண்ணுன்னே போடுங்கம்மா."

"ஒரே ஆள்னா அபார்ட்மெண்ட்ல வேலை தரமாட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"தரமாட்டாங்க. போகட்டும். அண்ணன் வரமாட்டாரும்மா. செத்துட்டாரு."

சுனிதா கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஏனாயித்து அவரிகே?" என்றார் கன்னடத்தில், மெதுவாக.

அவருக்கு என்ன ஆயிற்று? இத்தனை வருஷத்தில் ஒருத்தர் கேட்கவில்லை. கேட்கவும் இவர் விடவில்லை. ஜெயராஜ் பதில் சொல்ல வாயைத் திறந்தார். வரிசையில் நின்றவர்கள் பார்க்கப் பார்க்க, அந்த மேசையிலேயே தலையைக் கவிழ்த்து ஓவென்று அழுதார்.