மெஷினுக்குத் தெரியாத சூடு

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன், ஓர் ஐப்பசி மழையில் சேலத்தில் நடந்தது இது. ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் அறை சுத்தம் செய்யும் வேலை எனக்கு. மெத்தை தூக்கி, கம்பளி உதறி, வலது தோள் இறுகிப்போய்விட்டது. தலை வாரக்கூடக் கை எழும்பவில்லை. சீசனுக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக மேனேஜர் சொல்லிவிட்டார். என் சம்பளத்தில்தான் வீடே ஓடியது.

டாக்டர் தோளுக்கு மைக்ரோவேவ் வைக்கச் சொன்னார். ஓட்டலில் சோறு சூடாக்கும் அடுப்பில் இருக்கிற அதே அலைதானாம். அளவாக விட்டால் இறுகிய சதை இளகுமாம். தினமும் பஸ்ஸில் அடிவாரம் இறங்கி, சேலம் போய், திரும்பி மலையேறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வீட்டுக்கு வந்தால் உலை வைக்கவும் நான்தான்.

பிசியோதெரபி செய்கிற பெண்ணுக்குச் சின்ன வயது. சங்கிலி, ஊக்கு எல்லாம் கழற்றச் சொல்லிவிட்டு, மெஷினின் வட்டத் தலையைத் தோளுக்கு நேரே நிறுத்துவார். "இதமாத்தான் இருக்கோணுங்க அக்கா. சுட்டா உடனே சொல்லீருங்க" என்பார்.

நான் சொல்வேனா? எங்கள் வீட்டில் தவிட்டு ஒத்தடம் கொடுத்தால், "பல்லைக் கடிச்சுக்க கண்ணு, சூட்டைத் தாங்குனாத்தான் வலி ஓடும்" என்று அம்மா அமுக்குவார். அதே கணக்கை இங்கேயும் போட்டேன். சூடு ஏறினால் சீக்கிரம் குணமாகும், இந்த அலைச்சலும் தீரும் என்று நினைத்து, "சூடே தெரியலீங்க, இன்னுங் கொஞ்சம் வெச்சு உடுங்க" என்றேன். அவரும் நம்பிக் கொஞ்சம் கூட்டினார்.

தோளுக்குள் தணல் வைத்தது போல இருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தேன். திடீரென்று மெஷின் நின்றது. என் கால் விரல்கள் சுருண்டிருந்ததை அவர் பார்த்துவிட்டார்! தோள் செக்கச்செவேலென்று சிவந்திருந்தது.

திட்டப்போகிறார் என்று பயந்தேன். அவரோ ஒரு துணியை நனைத்துத் தோளில் போட்டார். "என்னுங்க அக்கா இது? இன்னுங் கொஞ்ச நேரம் போயிருந்தா உள்சதை வெந்திருக்கும். உங்களுக்கு எவ்வளவு சுடுதுன்னு இந்த மெஷினுக்குத் தெரியாதுங்க. நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும்" என்றார்.

ஓவென்று அழுதுவிட்டேன். வலியால் இல்லை. எனக்குச் சுடுகிறதா என்பது இன்னொருவருக்குத் தெரிந்தே ஆக வேண்டிய விஷயமாக அதுவரை இருந்ததே இல்லை. சிவப்பு ஆறும்வரை நிறுத்திவிட்டு, பிறகு இதமான சூட்டிலேயே வைத்தார். கை மெல்ல மெல்ல எழும்பியது.

வேலைக்குத் திரும்பிய அன்று, தனியாக மெத்தையைத் தூக்கச் சொன்னார் மேனேஜர். முதல் முறையாக வாயைத் திறந்து, "முடியாதுங்க, வலிக்குது" என்றேன். அவர், "அப்படியா?" என்று கேட்டுவிட்டு இன்னொருவரைக் கூப்பிட்டார். அவ்வளவுதான்! இத்தனை வருடம் சொல்லாமல் சுமந்ததையெல்லாம் நினைத்தால், இன்றைக்கும் எனக்கு அசதியாகத்தான் இருக்கிறது.