ஓடைப் பாறையின் வடக்கு

அவரை முதலில் மந்திரவாதி என்றுதான் நம்பினேன். சங்கரன்கோவிலுக்கு வெளியே என் தோட்டத்து ஓடையில், உச்சிவெயிலில், அடுக்கடுக்கான பாறைமேல் திசைகாட்டியை வைத்துக் குனிந்திருந்தார் அந்த ஒல்லியான ஆராய்ச்சிக்காரர். பாறையைத் தொடுமுன் வாட்ச், சாவி, பெல்ட் எல்லாவற்றையும் கழற்றித் தூரத்தில் வைப்பார்.

“அண்ணாச்சி, நீங்களும் இரும்பு இருந்தா தூர வச்சிருங்க.”

உச்சிப்பொழுதில் பேய் அண்டாமலிருக்க மடியில் மாட்டு லாடம் வைத்திருப்பவன் நான். அதை எடுக்கச் சொல்பவர் வேறு யாராக இருப்பார்? கையிலிருந்த அரிவாளை மட்டும் தள்ளி வைத்தேன்.

“என்ன சார் தேடுதீய?”

“இது சேறாப் படிஞ்சப்போ, உள்ள இருந்த இரும்புத் துகளெல்லாம் அன்னைக்கு இருந்த வடக்கைப் பார்த்து நின்னுடுச்சு. இன்னும் அப்படியே நிக்குது.”

“எப்பத்துலருந்து?”

“மனுசனே இல்லாத காலத்துலருந்து.”

எட்டிப் பார்த்தேன். ஊசி மெல்ல என் வயிற்றை நோக்கித் திரும்பியது.

“என்னையத்தான் கூப்பிடுது சார்” என்று மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. “மடியில என்ன இரும்பு அண்ணாச்சி? அதான் ஊசியை இழுக்குது. திசை தப்பாக் குறிச்சா இந்தக் கல்லே வீணாப்போகும்.”

லாடத்தைத் தூர எறிந்தேன். ஊசி வடக்குக்குப் போனது. அவர் கல்லில் அம்புக்குறி போட்டு வெட்டி எடுக்கும்வரை, ஒரு துண்டு இரும்பும் இல்லாமல் பக்கத்திலேயே சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டு நின்றேன். பேய் வரவில்லை.