அக்காவுக்கும் பயம் இருந்தது

எங்கள் அக்கா ஆண்டவரிடம் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் சபையாருக்கும் அவருடைய ஒரே தம்பி எழுதுவது.

அக்கா ஜாசினுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருந்த லயத்தில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டம் ரப்பரை விட்டு எண்ணெய்ச் செம்பனைக்கு மாறி, லயங்கள் இடிபட்டபோது டவுனுக்குக் குடிவந்தோம். அக்கா பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைத்து என்னைப் படிக்க வைத்தார். அக்காவின் கணவர், எங்கள் மச்சான், லோரி விபத்தில் இறந்த பிறகும் அந்த வேலையை அவர் விடவில்லை. அவருக்குப் பிள்ளைகள் இல்லை.

சபையில் யாருக்குத் துக்கம் என்றாலும் அக்கா குழம்புச் சட்டியோடு போய் நிற்பார். வேலை போன ஒருவர் வீட்டில், பேச்சே இல்லாமல் பாத்திரமெல்லாம் கழுவி வைத்துவிட்டுத் திரும்பியதை இன்றும் அந்த வீட்டார் சொல்கிறார்கள்.

பிறகு அக்காவின் மார்பில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சையில் தேறினார். ஆண்டவர் சுகம் தந்தார் என்று சபையில் எழுந்து சாட்சி சொன்னார். அதன் பிறகு ஊர் ஊராக அவரை அழைத்தார்கள். கிளேபாங் வரை பஸ் ஏறிப் போவார். சிம்பாங் அம்பாட்டில் ஸ்டெல்லா என்ற பெண்ணுக்கும் அதே நோய். வைத்தியமே வேண்டாம் என்று படுத்துவிட்டவரை, "என்னைப் பாரு, எழுந்திரு" என்று மருத்துவமனைக்கு அழைத்துப் போனவர் அக்காதான்.

நோய் திரும்பி வந்தது. முதுகில் வலி. அதைச் சபை மூப்பர் ஒருவரிடம் மட்டும் சொன்னார். அவர் சொன்ன பதிலைப் பிற்பாடு அக்காவே என்னிடம் சொன்னார்: "சிஸ்டர், வெளிய சொல்லாதீங்க. உங்க சாட்சிய நம்பித்தான் பல பேரு நிக்கிறாங்க. சுகமாயிட்டேன்னு சொல்லிக்கிட்டே இருங்க, சுகமாயிடும்."

அக்கா கீழ்ப்படிந்தார். யாராவது பார்த்துவிடுவார்கள் என்று மருத்துவமனைக்கே போகவில்லை. ஞாயிறுதோறும் பவுடர் பூசி, நல்ல சேலை கட்டி, முன்வரிசையில் நின்று பாடினார். சோற்றுப் பானையைத் தூக்க முடியாமல் அவர் தரையில் உட்கார்ந்துவிட்ட அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"ஏங்க்கா, என்கிட்டகூட சொல்லல?"

"ஸ்டெல்லா இன்னும் ஊசிக்குப் போய்க்கிட்டு இருக்காடா. எனக்குத் திரும்ப வந்துருச்சின்னு கேட்டா நின்னுருவா. அவகிட்ட சொல்லிடாத லா."

காலம் கடந்துவிட்டது என்றார் டாக்டர்.

வார்டுக்குச் சபையார் பலர் வந்தார்கள். "தைரியமா இருங்க சிஸ்டர், நீங்களே தளர்ந்தா எப்படி?" என்பார்கள். அக்கா சிரித்து நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். ஒருவர், மறைந்த பாவம் ஏதும் உண்டா என்று ஆராய்ந்து பார்க்கச் சொன்னார். அவரை லிஃப்ட் வரை கொண்டுபோய் விட்டு வந்தேன்.

யாரோ சொல்லி, ஸ்டெல்லாவும் வந்தார். முடி உதிர்ந்த தலையில் துண்டு கட்டியிருந்தார். அவரைக் கண்டதும் அக்கா எழுந்து உட்கார முயன்றார்.

"எழும்பாதீங்கக்கா. எனக்காவது சொல்லியிருக்கலாமே" என்று ஸ்டெல்லா அழுதார்.

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்கு ஸ்டெல்லா" என்றார். அக்கா வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதுவரை கேட்டதில்லை.

"எனக்கும்தான்க்கா."

ஸ்டெல்லா கட்டிலோரம் உட்கார்ந்துகொண்டார். மாலைவரை அக்காவின் காலைத் தேய்த்துவிட்டார். அக்கா அன்று நன்றாகத் தூங்கினார். சில நாட்களில் போய்விட்டார்.

அடக்க ஆராதனையில் அந்த மூப்பர், "நம் சகோதரி கடைசிவரை அஞ்சாமல் சாட்சியாக நின்றார்" என்று பேசினார். ஆமென் என்றார்கள். இல்லை. அக்கா பயந்தார். விசுவாசத்தோடுதான் பயந்தார். அதைச் சொல்ல நாம் அவருக்கு இடம் கொடுக்கவில்லை.

அக்காவைக் கழுவித் துடைத்துப் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், பெட்டியைச் சுமந்தவர்களுக்கும், துக்க நாட்களில் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும் நன்றி. மூப்பருக்கும் இந்த மலர் ஒன்று அனுப்பியிருக்கிறேன். ஸ்டெல்லாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அவர் இன்னும் சிகிச்சையில் இருக்கிறார். பார்க்கப் போகிறவர்கள், தைரியம் சொல்வதற்கு முன்னால் எப்படி இருக்கிறார் என்று அவரைக் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை இருங்கள்.