குடையால் படகைத் தட்டியவர்

உலகச் சண்டை முடிந்திருந்த சமயம். அடையாற்றங்கரையில் படகு வைத்திருந்தவர்களுக்கு நாங்கள் இரண்டு பேர் இன்ஷூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தோம். நான் மயிலாப்பூர்க்காரன், அவர் சாந்தோம்காரர். ஒல்லியான உடம்பு, தோய்த்துத் தோய்த்து மங்கிய வெள்ளைக் கோட்டு, வெயிலோ மழையோ கையில் குடை. படகைக் கண்டால் குடை நுனியால் அடிப்பலகையைத் தட்டி, காது கொடுத்துக் கேட்பார்.

என் மைத்துனன் ஒரு பழைய படகு வாங்கியிருந்தான். "பாலிசி எடுத்துட்டா, எது வந்தாலும் கம்பெனி பாத்துக்கும்" என்று வழக்கம்போல் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து அவர் வந்து தட்டினார்.

"புழு அரிச்சா தர மாட்டாங்க. பலகை மக்கினாலும் கெடையாது. சரியா கட்டாம வுட்டு, தண்ணி இழுத்துக்கினு போனா அதுவும் கெடையாது. புயல்ல கவுந்தா, மோதி ஒடைஞ்சா தருவாங்க."

"அத்திம்பேர் இதெல்லாம் சொல்லவே இல்லையே!" என்றான் மைத்துனன்.

அவரைத் தனியாக மடக்கினேன். "விக்க வந்த எடத்துல இப்படிப் பயமுறுத்தலாமா சார்?"

"அவங்க கோவத்தை இன்னிக்கே வாங்கிக்கிறேன் சார். படகு போன அன்னிக்கு என்னாண்ட கோவிச்சுக்க மாட்டாங்க, இல்ல?"

மைத்துனன் அவரிடமே பாலிசி எடுத்தான். என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே அவரைப் புகழ்ந்தான். எனக்கு வயிறு எரிந்தது.

மறுவாரம் நானும் ஒரு குடை வாங்கி, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, கரையில் கிடந்த படகுகளைத் தட்டினேன். எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்டன. அவர் காதில் மட்டும் அப்படி என்னதான் விழுந்ததோ? கடைசிவரை அதை அவரிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை.