வாசலில் வைத்த பன்னீர்ச் செம்பு

எங்கள் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் சங்கக் கூட்டம் முதன்முறையாக விருத்தாசலத்தில் நடந்தது. அந்தப் படிப்பு படிக்கும் மாணவியான எனக்குத் தரப்பட்ட பொறுப்பு, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் பன்னீர் தெளிப்பது.

பேனரில் ஆக்குபேஷனல் தெரபியைத் தமிழில் ‘தொழில்வழி சிகிச்சை’ என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு ஒரு அக்கா வந்தார். பீங்கான் கம்பெனியில் கோப்பைகளுக்குக் கைப்பிடி ஒட்டியவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டதாம்.

“இங்க வேல போட்டுக் குடுக்கறாங்களாம்மா?” என்றார்.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. அவர் கேட்டதில் என்ன தப்பு? போன வேலையைக் கைக்குத் திரும்பக் கொண்டுவரத்தானே நாங்கள் படிக்கிறோம்!

செம்பை அங்கேயே வைத்துவிட்டு, அவரை அழைத்துக்கொண்டு நேராக மேடைக்குப் போனேன்.

“இவங்களுக்கு நம்ம சங்கம் என்னா செய்யப்போவுது சார்?”

“ஸ்டூடண்ட்ஸுங்க இங்க கேள்வி கேக்கக் கூடாதும்மா. போயி வாசல்ல நில்லு,” என்றார் செயலாளர்.

“அப்ப கேள்வி கேக்கறதுக்கு ஸ்டூடண்ட்ஸுக்குன்னு ஒரு பிரிவு வைங்க சார். ஞாயித்துக்கெழம பீங்கான் கம்பெனிப் பக்கம் போயி நாங்களே பயிற்சி குடுக்கறோம்.”

பின்வரிசையில் என் வகுப்பே எழுந்து நின்றது.

இன்று சங்கத்தில் மாணவர் பிரிவு இருக்கிறது. அந்த அக்கா வலது கையால் டம்ளர் பிடிக்கிறார். அடுத்த கூட்டத்துக்கும் என்னைப் பட்டுப்புடவை கட்டி வரச் சொல்லியிருக்கிறார்கள். கட்டிக்கொண்டு போவேன். வாசலில் மட்டும் நிற்க மாட்டேன்.