காலையில் கால், மாலையில் கை

திலகாவுக்கு ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைத்ததே இல்லை. தேயிலைத் தொழிற்சாலையில் பாக்கெட் போடும் வேலை. வீட்டுக்கு வந்தால் இரண்டு பிள்ளைகள், மாமனார், திரிங்காப் ஊரிலிருந்து இரவெல்லாம் காய்கறி லோரி ஓட்டிவிட்டு விடியலில் வந்து சாயும் கணவன். அதனால்தான் கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி, "எலும்பு தேயாம இருக்கணும்னா கனமா எதையாவது தெனமும் தூக்கு" என்று சொன்னபோது அவள் வாயில் முதலில் வந்தது, "எப்ப?"

"பிரிச்சுக்க லா. காலையில கொஞ்சம் காலுக்கு, சாயங்காலம் கொஞ்சம் கைக்கு," என்றாள் மிஸ்ஸி.

அது முடிகிற காரியமாகப் பட்டது. பிள்ளைகள் எழுந்திருக்குமுன் ஒரு துண்டு நேரம் இருந்தது. மாலையில் உலை கொதித்துச் சோறு வேகும்வரை இன்னொரு துண்டு. தூக்குவதற்கு வீட்டில் அரிசி மூட்டை இருந்தது. காலையில் அதைத் தோளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தாள். மாலையில் நெஞ்சுவரை தூக்கி இறக்கினாள். முதல் வாரம் மூச்சு முட்டியது. அடுத்த வாரம் பரவாயில்லை. மாதம் முடியப்போகும் சமயம், பக்கத்து வீட்டுப் பூவிழியைக் கூப்பிட்டு மூட்டையை ஒற்றைக் கையில் தூக்கிக் காட்டினாள்.

"அடியேய், நீ இரும்பு லா!" என்று பூவிழி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

அந்த வார இறுதியில் கணவன் புவனேஸ்வரன் புது மூட்டை கொண்டுவந்து இறக்கினான். மறுநாள் காலை திலகா அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழவேயில்லை. லோரியை நிறுத்திவிட்டு வந்த கணவன்தான் அவளையும் மூட்டையையும் தனித்தனியாகப் பிரித்தான்.

"ஒனக்கு ஒண்ணும் பலம் கூடல. மூட்டைய நாம சாப்பிட்டுட்டோம், அவ்ளோதான்," என்றான்.

திலகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கே சட்டம் போட்டாள்: புது மூட்டையை யாரும் பிரிக்கக் கூடாது. "அது அரிசி இல்ல. என்னோட எடை." பிள்ளைகளுக்கு ரொட்டியும் மீ நூடுல்ஸும் கொண்டாட்டமாக இருந்தது. மாமனார் நாகப்பனுக்கு மட்டும் சோறில்லாமல் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தேயிலை வெளிக்காட்டில் கங்காணியாக இருந்து ஒரு மலைச்சரிவையே அதட்டி வேலை வாங்கிய மனிதர் அவர். மூன்றாம் நாள் மாலை அடுப்படிக்கு வந்து நின்றார்.

"எடைதானம்மா வேணும்? நான் எதுக்கு இருக்கேன்? அரிசிய உலையில போடு."

அப்படித்தான் நாகப்பன் எடையானார். காலையில் லய வீட்டு வரிசைக்குப் பின்னாலிருந்த ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் கம்பளி போர்த்திக்கொண்டு அவர் உட்கார, திலகா பனிக்குள் மேட்டில் தள்ளிக்கொண்டு போவாள். அது காலுக்கு. மாலையில் கோயில் மண்டபத்துச் சிமெண்டுத் தரையில் கோணிச்சாக்கை விரித்து அவர் அமர்ந்து கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வார். மறுமுனையைப் பிடித்து அவள் கை மாற்றிக் கை மாற்றி இழுப்பாள். அது கைக்கு. மருமகள் மாமனாரைத் தரையில் இழுக்கிறாள் என்று முதல் நாள் லயம் கூடிவிட்டது. "வேல நடக்குது, தள்ளி நில்லுங்க," என்று சாக்கிலிருந்தபடியே அதட்டிக் கூட்டத்தைக் கலைத்தார் நாகப்பன்.

வேலை என்று வந்துவிட்டால் அவரிடம் விளையாட்டு கிடையாது. கூடவும் மாட்டேன், குறையவும் மாட்டேன் என்று நின்றார். கல்யாண வீட்டில் இரண்டாவது தடவை பாயசம் ஊற்ற வந்தவனிடம் இலையைக் கையால் மூடி, "டியூட்டில இருக்கேன் தம்பி" என்றார். வயிறு சரியில்லாமல் போன நாளில் இளைத்துவிடுவோமோ என்ற கவலையில் சட்டைப்பையில் கூழாங்கற்களைப் போட்டுக்கொண்டு வந்து ஏறினார். கியா பார்ம் சந்தைக்குப் போகிற வழியில் பாதை தவறி வந்த ஒரு சுற்றுலாக் குடும்பம் காரை நிறுத்தி, வண்டிச் சவாரிக்கு டிக்கெட் எங்கே என்று கேட்டது. நாகப்பனுக்கு வந்த கோபத்தில் வண்டி ஆடிப்போய், திலகா பிடியை இறுக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

இடி கிளினிக்கிலிருந்துதான் விழுந்தது. நாகப்பனின் சர்க்கரை ஏறியிருந்தது.

"ஐயா, தெனமும் காலையில நடக்கணும்," என்றாள் மிஸ்ஸி.

"காலையில முடியாதும்மா. வேல இருக்கு."

"ரிட்டையர் ஆயிட்டீங்களே. என்ன வேல?"

"எடையா இருக்கேன்."

மிஸ்ஸி பேனாவை வைத்துவிட்டு வெளியே வந்து திலகாவைப் பார்த்தாள். திலகா தரையைப் பார்த்தாள். தன் எலும்புக்காக ஒரு கிழவரை மாதக்கணக்கில் அசையாமல் உட்கார வைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பஸ்ஸில் திரும்பும்போது, "நாளையிலேர்ந்து நிறுத்திக்கலாம் மாமா," என்றாள்.

வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தபோதுகூட நாகப்பன் முகம் இப்படித் தொங்கவில்லை. லயம் தெரிகிற வளைவில் பஸ் திரும்பியபோது வாயைத் திறந்தார்.

"சாயங்காலம் நான்தான். அத யாருக்கும் குடுக்காத. காலைக்கு வேற ஆள் போட்டுக்கலாம்."

"யாரு மாமா?"

"எம்மவன் சும்மாதான தூங்குறான்? அந்தத் தூக்கத்த வண்டியில தூங்கட்டும்."

புவனேஸ்வரன் முதலில் மறுத்தான். விடியலில் வந்த அசதியில் மறுப்பு வெகுநேரம் நிற்கவில்லை. கம்பளிக்குள் சுருண்டு, லோரிச் சட்டையோடு வண்டியில் விழுந்தான். அப்பனைவிடக் கனம். திலகா பல்லைக் கடித்துக்கொண்டு தள்ள, நாகப்பன் கைகளை வீசி வீசிப் பக்கத்தில் நடந்தார்.

"டேய், பொரளாத! எடைன்னா எடை மாதிரி கெட!" என்று மகனை அதட்டினார். பிறகு மருமகள் பக்கம் குனிந்து, "புது ஆளு. பழகிடுவான்," என்றார்.

பூவிழி பல் விளக்கிக்கொண்டே வாசலுக்கு வந்தாள். "காலங்காத்தால மூணு பேருமா எங்க கெளம்பிட்டீங்க?"

"எங்கயும் இல்லக்கா!" என்று மூச்சிரைக்கச் சொல்லிவிட்டு, திலகா அடுத்த வளைவில் வண்டியைத் திருப்பினாள். பனி இன்னும் விலகவில்லை. குறட்டைச் சத்தம் மட்டும் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது.