தேதி போடாத விடுப்பு மனு

போர்ட் பிளேயரில் சாலைப் பராமரிப்புக்கு ஆள் பிரித்து அனுப்புவது என் வேலை. ஊர் மேட்டிலெல்லாம் ஏறிப் பரவுகிறது. ஆட்கள் மட்டும் அதே பதினொரு பேர். மழைக்குச் சரியும் மண்ணை இவர்கள்தான் அள்ள வேண்டும்.

சொந்த ஊருக்குப் போக ஏறும் மெயின்லேண்ட் கப்பல் என்றைக்குக் கிளம்பும் என்பது முன்கூட்டித் தெரியாது. அதனால் விடுப்பு மனுவைத் தேதி போடாமல் கொடுத்துவைப்பார்கள். டிக்கெட் கிடைத்ததும் தேதியை நிரப்பிக்கொள்வோம்.

நேற்று ரோலர் ஓட்டுபவர் ஓடி வந்தார். "டிக்கெட் மில்கயா சார்! தேதி போடுங்க."

"கொட்டுற மழையில என்னய்யா ஊரு?" என்று எரிந்து விழுந்துவிட்டுத்தான் போட்டுக் கொடுத்தேன்.

என் மனுவும் மேசை டிராயரில் கிடக்கிறது. காரணம் என்ற இடத்தில் ‘அம்மாவைப் பார்க்க’ என்று எழுதியிருக்கிறேன். அம்மா இறந்து மூன்று மழைக்காலம் ஆயிற்று. அதை அடித்து வேறு காரணம் எழுத இன்னும் மனம் வரவில்லை.